காலால் பிறந்தவளின் இடுப்பு

ஒச்சம்மாள் என்ற பெயரை முதலில் கேட்டது என் நாத்தனார் பேச்சியின் வாயிலிருந்துதான். நான் கல்யாணமாகி மலையாளக் கரைக்கு, மட்டாஞ்சேரிக்கு வந்த வருஷம், எழுபத்திரண்டோ மூன்றோ. தண்ணிக்குடம் தூக்கி எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"சுள்ளிக்கல்லுல நம்ம சித்தப்பா மக ஒச்சம்மா இருக்கா மதினி. காலால பொறந்தவ. ஒரு மிதி மிதிச்சா போயிரும்."

பிறக்கையில் கால் முன்னால் வந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. ஒச்சம்மாள் வந்து குதிகாலால் தடவிவிட்டுப் போனாள். வலி தானாகப் போயிருக்கும், பேர் அவளுக்குத்தான்.

அவள் சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். முற்றத்தில் சுக்கு காயும். மழை இருட்டினால் பெண்கள் சாக்கில் அள்ளி உள்ளே சுமக்க வேண்டும். சுமக்காதவளுக்கு அங்கே இடமில்லை என்பான் மேஸ்திரி நாணு. புருஷன் சங்கிலிப்பாண்டிக்கு மூச்சிரைப்பு. இவள் போனால்தான் அடுப்பு எரியும்.

ஒரு ஐப்பசி மழையில், பாதி நனைந்த சாக்கைத் தூக்கியபடியே திரும்பினாள். இடுப்பில் சுரீரென்று இழுத்தது. அப்போதே சாக்கைக் கீழே போட்டிருக்கலாம். போட்டால், வேலை கேட்டு தினமும் வாசலில் நிற்கும் வீரலட்சுமியை நாணு கூப்பிட்டுவிடுவான் என்று அத்தனையும் சுமந்தாள்.

மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. தன் முதுகைத் தானே மிதிக்க முடியுமா? படகேறி அக்கரை போனால் வரும் பிராட்வேயில் சாயாக்கடை வைத்திருந்த ஆறுச்சாமியும் காலால் பிறந்தவன்தான். ஆள் நல்ல கனம். அவனைக் கூட்டிவரச் சொன்னாள்.

"அக்கா, நான் ஏறுனா நீ அப்பளம் ஆயிருவ."

"வாய மூடிட்டு மிதிடா. நாளைக்கு நான் சாக்கு தூக்கணும்."

மிதித்தான். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. சாயங்காலம் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. நான்தான் சண்டை போட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா இடுப்பை அழுத்தினாள், காலைத் தூக்கிப் பார்த்தாள். கால் மரத்துப்போகிறதா, மூத்திரம் சரியாகப் போகிறதா என்று கேட்டாள். "பேடிக்கண்டா," பயப்படாதே என்றாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசை இழுத்துக்கொண்டது, மிதித்ததில் இன்னும் ரணமாகிவிட்டது. படுத்தே கிடக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக நட, சூடு வை, வலி போகும்வரை கனம் தூக்காதே.

"அப்ப நாளைக்கு வேலைக்கு?" என்றாள் ஒச்சம்மாள்.

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அப்புறம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். முழங்காலுக்கு அடியில் மடித்த சாக்கை வைத்துப் படுக்கை. சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடி வரை நடை, திரும்பி வந்து பெருமூச்சு. ஒரு நாள் தேவலை என்பாள். மறுநாள் துணி பிழிந்துவிட்டு அழுவாள். அந்த மழைக்காலமே அப்படிப் போயிற்று.

கிடங்குக்குப் போனபோது அவள் இடத்தில் வீரலட்சுமி சாக்கு தூக்கிக்கொண்டிருந்தாள்.

"எடுக்கான் பற்றுமோ?" தூக்க முடியுமா என்று நாணு கேட்டான்.

"முடியாது சேட்டா. உக்காந்து புடைக்கிறேன்."

அவன் மூலையில் கிடந்த முறத்தைக் காட்டினான். கூலி குறைவு. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை; போய் உட்கார்ந்தாள்.

பிறகு மிதிக்கச் சொல்லி யார் வந்தாலும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். "ஆஸ்பத்திரிக்குப் போ. என் காலை விடு." திமிர் பிடித்தவள் என்று சிலர் வருவதையே விட்டார்கள்.

சங்கிலிப்பாண்டி போய்ச் சேர்ந்தாயிற்று. ஒச்சம்மாள் இப்போது காக்கநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள்.