மாரிமுத்து அண்ணனுக்கு நான் எழுதிய மனு

சர்க்கார் சிக்கனம் பிடித்த வருஷம் அது. ஊனமுற்ற கூலிகளின் உதவிப்பணத்தை நிறுத்தப்போவதாகப் பினாங்கு முழுக்கப் பேச்சு. துறைமுக வேலையில் வலக்கையை இழந்த மாரிமுத்து அண்ணனுக்கு நானே ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். படித்த மிதப்பு எனக்கு! 'சோம்பேறியல்ல, ஒற்றைக் கையாலேயே கோயிலுக்குத் தண்ணீர் சுமப்பவர்' என்று புகழ்ந்து தள்ளினேன்.

உதவிப்பண ஆபீஸில் வெள்ளைக்காரத் துரை அந்த வரிக்கு அடியில் கோடு போட்டார். பக்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி சிரித்தார். "தண்ணி தூக்குற பயில்வானுக்கு உதவி எதுக்குய்யா? இந்த மாசத்தோட நிறுத்தியாச்சு."

வெளியே வந்ததும் அண்ணன், "நீங்க பொய் எழுதலையே, தம்பி" என்றார்.

இப்போதெல்லாம் மனு எழுதும்போது, வருகிறவர்களிடம் என்னென்ன செய்ய முடியாது என்று மட்டுமே கேட்கிறேன். பதில் சொல்லும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.