கடைக்கண்டத்துக்கு எட்டு மணித்தியாலம்

ஐம்பதுகளின் நடுவில் நீர்ப்பாசன ஓவசியராக இறக்காமம் பக்கத்துக் குளமொன்றுக்கு அனுப்பப்பட்டேன். கல்முனையில் படித்தவன், கையில் புது மணிக்கூடு, தலையில் கொஞ்சம் கனம். அந்தக் கோடைச் சிறுபோகத்தில் குளம் பாதிகூட நிரம்பவில்லை. முறைத்தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். முதல்நாள் குளத்தை ஒட்டிய மேல்கண்டத்து வயல்களுக்கு, மறுநாள் வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைக்கண்டத்துக்கு. மற்ற இரண்டு நாளும் குளத்து மதகான துரிசு பூட்டு. பழைய வழக்கப்படி, கடைக்கண்டத்து முதல் வரம்பைத் தண்ணீர் தொட்ட பிறகுதான், தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் நிழலைக் காலால் அளந்து நேரம் கணக்கெடுப்பார். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. காலை ஆறிலிருந்து இரண்டு மணிவரை, இருபகுதிக்கும் எட்டு எட்டு மணித்தியாலம் என்று அட்டவணை எழுதி, கந்தோருக்குப் போய் எஞ்சினியரிடம் கையொப்பம் வாங்கித் துரிசடியில் ஒட்டினேன்.

முதல் முறை முடிந்ததும் சொறிக்கல்முனைச் சவரிமுத்து அண்ணன் வந்தார். கடைக்கண்டத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர், பயிர் கதிர் பொதியும் குடலைப் பருவம்.

“ஓவசியர் ஐயா, தண்ணி வந்து சேர பதினொரு மணியாப் போச்சு. ரெண்டு மணிக்குத் துரிசைச் சாத்திட்டீங்க.”

“ரெண்டு கண்டத்துக்கும் ஒரே நேரந்தானே அண்ணன். கணக்கில பிழையில்ல.”

“ஓம், கணக்குச் சரிதான். வயல்தான் நனையல்ல. அடுத்த முறைக்குத் தண்ணியோட நடந்து வந்து பாருங்க.”

அவர் சொல்வது பொய் என்று காட்டவே போனேன். மேல்கண்டம் தாண்டியதும் வாய்க்கால் இரண்டு மைல்கட்டை தூரம் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் ஒவ்வொரு வெடிப்பையும் நிரப்பிவிட்டுத்தான் நகர்ந்தது. அவருடைய வரம்பை அது தொட்டபோது மணி பதினொன்று. ஐந்து மணித்தியாலத்தை வாய்க்கால் குடித்திருந்தது. வெட்கமாக இருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையை வெட்டப் போனார்.

வரும் வழியில் மேல்கண்டத்துப் பெரிய நிலக்காரர் அலியார் போடியாரிடம் விசயத்தைச் சொன்னேன்.

“கந்தோர்ல ஒப்பம் வெச்ச பேப்பர் தம்பி அது. மாத்துறண்டா கூட்டம் வெச்சு மாத்துங்க,” என்றார்.

எனக்கும் அது வசதியாகப் போயிற்று. எஞ்சினியரிடம் போய் என் பிழையைச் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு முறையும் அதே அட்டவணைப்படி போனது. அதற்குப் பிறகுதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். எஞ்சினியர் கேட்டுவிட்டு, தண்ணீர் வரம்பைத் தொட்ட பிறகே கடைக்கண்டத்துக்கு எட்டு மணித்தியாலம் என்று ஒரு நிமிடத்தில் கடதாசியில் திருத்தி ஒப்பமிட்டார்.

“இதைச் சொல்ல உமக்கு இத்தனை நாள் எடுத்ததோ?” என்று மட்டும் கேட்டார்.

புதுக் கணக்கில் கடைக்கண்டத்தின் மற்ற வயல்கள் ஒருவாறு தப்பின. மேட்டில் இருந்த சவரிமுத்து அண்ணனின் இரண்டு ஏக்கரும் வெளுத்த கதிராய் வந்தன. வைக்கோலுக்கு அறுத்து மாட்டுக்குப் போட்டார்.

அடுத்த போகக் கூட்டத்தில் எழுந்து நின்று, பிழை என்னுடையது என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். போடியார் தலையைக் குனிந்துகொண்டார்.

சவரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்து, “இத அண்டைக்கு வரம்பில நிண்டு தெரிஞ்ச உடனே சொல்லியிருக்கலாமே ஐயா,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எழுதியது பிழையென்று தெரிந்தால் அன்றைக்கே கந்தோருக்குப் போங்கள். நான் வெட்கப்பட்டுக் கழித்த நாட்களில்தான் அந்த நெல் பதரானது.