குமிழில் வைத்த பொட்டு

சித்தப்பா வார்த்த குமிழ்கள் எந்தெந்த ஊர் ரேடியோக்களிலோ திரும்பிக்கொண்டிருந்தன. கும்மிடிப்பூண்டியில் ரேடியோவுக்குக் கருப்புக் குமிழ் வார்க்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. விளிம்பு உடைந்து கழிக்கப்பட்ட குமிழ் ஒன்றை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைச் சுற்றி ஒரு பெட்டி முளைத்தது. உள்ளே பழைய டிரான்சிஸ்டர்களும் ஒரு ஸ்பீக்கரும். வெளியே காலிங்பெல் சுவிட்சுகள் ஐந்து. சுவிட்சை அமுக்கினால் சுரம். குமிழைத் திருகினால் அந்தச் சுரத்தின் குரலே மாறும். முதலில் வண்டு, கொஞ்சம் தள்ளினால் நாகஸ்வரம், இன்னும் தள்ளினால் ஜலதோஷம் பிடித்த குயில். ஒரு குமிழுக்குள் இத்தனை தொண்டைகளா என்று எனக்குச் சோறு இறங்காது.

"ஊட்ல மனுசங்க போட்ற சத்தம் பத்தலையா?" என்பாள் அம்மா.

சித்தப்பாவின் இரண்டு கைகளும் சுவிட்சுகளில் இருக்கும். ஆகவே திருகுவது ஒன்பது வயதுக்காரியான என் பொறுப்பு. குமிழின் முகத்தில் மூன்று வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள் வைத்திருந்தார். அவர் தலையை ஆட்டினால் அடுத்த புள்ளி. மூன்றாவதை மட்டும் தாண்டக் கூடாது. "தாண்டுன, பேஜாராப் பூடும்!"

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கம்பெனி ஷெட்டிலேயே ஒரு மெல்லிசைக் குழுவின் கச்சேரி. ஒரே ஒரு பாட்டுக்குப் பெட்டியை வாசித்துக் காட்டு, பிடித்திருந்தால் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன் என்று குழுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். சித்தப்பா வேலையை விடும் கடிதத்தையே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் பொரி வாங்கப் போய்த் திரும்புவதற்குள் காரியம் நடந்துவிட்டது. பேக்கிங் பிரிவு அக்கா ஒருத்தி சந்தனக் கிண்ணத்தோடு எல்லா மெஷின்களையும் சுற்றி வந்திருந்தாள். குமிழ் வார்க்கும் மெஷினுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, மேனேஜரின் டைப்ரைட்டருக்குப் பொட்டு. எங்கள் பெட்டிக்கும்தான். குமிழின் முகம் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். புள்ளிகளைக் காணோம்.

"மெசினுன்னா பொட்டு வெக்க வாணாமா?" என்றாள் அக்கா.

சித்தப்பா குமிழைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நான் பாவாடை நுனியால் துடைக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தார். "வுடு பாப்பா. குத்துமதிப்பா திருப்பு."

பாட்டு ஆரம்பித்தது. முதல் தலையாட்டலுக்கு நாகஸ்வரம் சரியாக வந்தது. அடுத்ததற்கு ஈரச் சந்தனத்தில் என் விரல் வழுக்கியது. பெட்டி அடிவயிற்றிலிருந்து முனகி, ஏறி, ஏறி, ஷெட்டின் தகரமே அதிர ஊளையிட்டது. வேறொன்றுமில்லை, ஷிப்டு முடிந்ததும் ஊதுகிற கம்பெனிச் சங்கு. அச்சு அசல்.

மனிதர்கள் யோசிக்கவில்லை, கால்கள்தான் யோசித்தன. வரிசை வரிசையாக எழுந்தார்கள். டிபன் கேரியர்கள் கைக்கு வந்தன. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். "வண்டி பூடும்டா, ஓடு!" என்று கவரைப்பேட்டைக்காரர்கள் முதலில் பாய்ந்தார்கள். மேனேஜர் குடையை எடுத்துக்கொண்டார். குழுவின் டிரம்ஸ்காரர்கூடக் குச்சிகளோடு கூட்டத்தில் பாதி தூரம் போய்விட்டார். "டேய், இன்னிக்கி லீவுடா!" என்று யாரோ கூவியபோது பாதிப் பேர் ஸ்டேஷனில் இருந்தார்கள். வந்தது வந்தோம் என்று ரயிலும் ஏறிவிட்டார்கள்.

குழுக்காரர் பெட்டியின் ஒயரைத் தானே பிடுங்கினார். "தம்பி, நான் கும்பல சேக்கறதுக்குப் பாட்றேன். உன்னுது அந்தக் கும்பல ஊட்டுக்கு அனுப்புது."

காலி பெஞ்சுகளுக்கு நடுவே ஒரே ஒருத்தி எழாமல் இருந்தாள். அந்த அக்காதான். முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியும் எழவில்லையே, பாவம், காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வழியெல்லாம் நான் அழுதேன். சித்தப்பாவோ சீட்டியடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தை எடுத்து, தூசு படாமல் குமிழின் மேல் மூடி, நூல் போட்டுக் கட்டினார். பொட்டைத் துடைத்தால்தானே புள்ளி தெரியும் என்று நான் கை நீட்டினேன். முதல்முறையாக என்னை அதட்டினார்.

"சாமி பொட்டு. அழிக்கக் கூடாது."

கோயில் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர்! சித்தப்பாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மாவிடம் ஓடினேன். அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்தி, "எந்த சாமி?" என்று கேட்டாள்.

இதுகூடத் தெரியாதா என்றிருந்தது எனக்கு. "ஆயுத பூஜை சாமிம்மா" என்றேன்.