எந்தப் புள்ளியை வைச்சுச் சுடுறது?

1. சனிக்கிழமை வந்த ஃபோன்

"தங்கச்சி, ஒரு சின்னச் சந்தேகம். இதில எந்தப் புள்ளியை வைச்சுச் சுடுறது? மேல உள்ளதோ, கீழ உள்ளதோ?"

மில்லிக்கன் டவுன் பக்கத்தில ஒரு வேட்டைச் சாமான் கடையில பதினெட்டு வருசம் துவக்குக் கவுண்டரில நிண்டனான். எத்தினையோ விசர்க் கேள்வியள் கேட்டிருப்பன். இந்தக் கேள்விக்குத்தான் கடையை விட்டிட்டு ஓடினனான். என்ர இடத்துக்கு இப்ப ரெண்டு தமிழ்ப் பிள்ளையள் வேலைக்கு வந்திருக்கினம். அவையளுக்காகத்தான் இதை எழுதுறன்.

ஃபோனில கதைச்சவர் சிவம் அண்ணை. லின்ட்ஸி எண்ட ஊருக்கு அங்கால ஆட்டுப்பண்ணை வைச்சிருக்கிறார். ரெண்டு நாளைக்கு முந்தித்தான் என்னட்டை ஒரு றெட் டொட் வாங்கிக்கொண்டு போனவர். றெட் டொட் எண்டா, துவக்குக்கு மேல பூட்டுற ஒரு சின்னக் கண்ணாடி. அதுக்குள்ளால பாத்தா ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கையோ சூடு அங்கை. ஒரேயொரு புள்ளிதான்.

"அண்ணை, அதில ஒரு புள்ளிதான் இருக்கு."

"இல்லைத் தங்கச்சி, வடிவா ரெண்டு கிடக்கு. விடிய மேல உள்ளதை வைச்சு ஒண்டு அடிச்சன். நரி என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு நடந்து போகுது! இண்டைக்குப் பின்னேரம் கீழ உள்ளதை வைச்சு அடிச்சுப் பாப்பமெண்டு..."

லைன் அறுந்து போச்சு. திருப்பி அடிச்சன். மணி போகேல்லை. அங்கை சிக்னல் காத்தடிச்ச பக்கம்தான் வரும் எண்டு அவரே முந்திச் சொன்னவர். ஏழு தரம் அடிச்சுப் பாத்தன், மாதாவே, ஒண்டும் சரிவரேல்லை.

2. வியாழக்கிழமை நான் விட்ட பிழை

அவர் கடைக்கு வந்த அண்டைக்கு நடந்ததைச் சொல்லவேணும்.

கொயோட்டி நரி மூண்டு ஆட்டுக்குட்டியைக் கொண்டு போட்டுதெண்டு சொல்லிக்கொண்டு வந்தவர். லைசன்ஸ், துவக்கு எல்லாம் ஒழுங்கா வைச்சிருந்தார். "நூறு டொலருக்குள்ள ஏதும் பாத்துத் தாரும் தங்கச்சி, இது ஆட்டுக்காசு" எண்டார். இப்பிடி ஆக்கள் வந்தா நான் சந்தோசப்படுவன். விலை கூடின சாமானை ஆரும் விப்பினம். மலிவுச் சாமானில நல்லதைப் பொறுக்கிறதுக்குத்தான் அனுபவம் வேணும்.

பொறுக்கிற விதம் இதுதான். பெட்டியில உள்ள படத்தை நம்பாதேங்கோ. புள்ளியின்ர வெளிச்சத்தை ஆகக் குறைச்சுப் பாருங்கோ. மலிவுச் சாமான் கனக்க, குறைச்சாலும் கண்ணைக் குத்தும். விடியக்காலமை மங்கலில அந்தப் புள்ளியே நரியை மறைச்சுப்போடும். புள்ளி சின்னனா இருக்கவேணும். பெரிய புள்ளி கடையில வடிவு, அறுபது யார் தூரத்தில நரியின்ர அரைவாசி உடம்பை மூடிப்போடும். பிறகு துவக்கோட பூட்டுற மவுண்டைப் பாருங்கோ. பூட்டின ஸ்க்ரூ பத்துச் சூட்டில இளகினா, உள்ளுக்கை இருக்கிற கண்ணாடி எவ்வளவு திறமெண்டாலும் குப்பைதான்.

இதெல்லாம் பாத்து எண்பத்தஞ்சு டொலருக்கு ஒண்டு எடுத்துக் குடுத்தன். நானே பூட்டினன். துவக்கு வாயில லேசரை வைச்சு, சுவரில விழுந்த வெளிச்சத்தோட புள்ளியைப் பொருத்தினன். அது வெறும் தொடக்கம்தான். பிறகு சுட்டுப் பழகிற றேஞ்சுக்குப் போய்க் கடதாசிக்குச் சுட்டு, குண்டு விழுற இடத்துக்குப் புள்ளியைக் கொண்டுவரவேணும். அதுக்குப் பேர்தான் ஸீரோ பண்ணுறது. சொன்னன். "ஓம் தங்கச்சி, ஓம் ஓம்" எண்டார்.

ஆர் வந்தாலும் நான் கடைசியா ஒரு கேள்வி கேக்கிறனான்: "உள்ளுக்கை என்ன தெரியுது, எனக்குச் சொல்லுங்கோ." சிலருக்குக் கண்ணில கோளாறு இருக்கும், புள்ளி நட்சத்திரம் மாதிரிச் சிதறித் தெரியும். வெள்ளைக்காரர், சீனர், ஒருத்தரையும் கேக்காமல் விட்டதில்லை. சிவம் அண்ணையைக் கேக்கேல்லை. அவர் கண்ணாடிக்குள்ளால பாத்துப்போட்டு "நல்ல வடிவாத் தெரியுது" எண்டார். என்னிலும் பத்து வயசு மூத்த மனுசனை, அதுவும் எங்கட ஆளை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எப்பிடிச் சோதிக்கிறது எண்டு கூச்சப்பட்டு விட்டிட்டன்.

போகேக்கை ஒரு கதை சொன்னவர். "நரி வேலிக்கரையால, என்ர மனுசி பால் கறக்கிற கொட்டிலை ஒட்டித்தான் தங்கச்சி வாறது. விடியவும் பின்னேரமும், அவ கறக்கிற நேரம் பாத்து வரும், கள்ளன்."

3. வழி முழுக்க

ஃபோன் அறுந்த கையோட முதலாளியிட்டை ஓடினன். அவர் சாண்ட்விச்சைக் கீழ வைக்காமலே சொன்னார்: "எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கிற புத்தகத்தில எழுதியிருக்கு. அவர் வாசிச்சிருக்கவேணும்." ஆர் வாசிக்கிறது?

பொலிசுக்கு அடிப்பமோ எண்டும் யோசிச்சன். துவக்கோட நிக்கிற மனுசனிட்டைப் பொலிஸ் போனா, அவர் அதைக் கையில வைச்சுக்கொண்டே "வாங்கோ" எண்டு திரும்பினா? ஃபோனை வைச்சிட்டன். வாறண்டிப் பத்திரத்தில அட்ரஸ் இருந்தது. அரை நாள் லீவு எண்டு சொல்லிப்போட்டுக் காரை எடுத்தன்.

ஒண்டேகால் மணித்தியால ஓட்டம். நவம்பர் மாசம், நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். எனக்கு மண்டைக்குள்ள ஒரே கணக்குத்தான். கடைச் சுவரில ஒரு நூல் பிசகினா அறுபது யாரில எவ்வளவு? ஒரு சாணோ, ஒரு முழமோ? மேல் புள்ளியும் கீழ்ப் புள்ளியும் எவ்வளவு தூரம் விலகித் தெரிஞ்சுதெண்டு நான் கேக்கவும் இல்லை. பால் கறக்கிற மனுசியைக் கண்டதில்லை, பேரும் தெரியாது. அவவுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டு ஓடினன்.

பண்ணை ஒழுங்கைக்குள்ள திரும்பேக்கை நேரம் மூண்டே முக்கால். சிவம் அண்ணை வீட்டு வாசலில பிளாஸ்டிக் கதிரை போட்டு இருக்கிறார், மடியில துவக்கு. காரை நிப்பாட்டின பாதி, நிப்பாட்டாத பாதி இறங்கிக் கத்தினன்.

"அண்ணை, அதைக் கீழ வையுங்கோ! குண்டைக் கழட்டுங்கோ!"

மனுசன் வெருண்டு போனார். "என்ன தங்கச்சி, றிக்கோலோ? சாமானைத் திருப்பி எடுக்கினமோ?"

அவர் குண்டைக் கழட்டினார், நானும் வடிவாப் பாத்தன். றெட் டொட்டைப் போட்டுப் பாக்கச் சொன்னன்.

"எத்தினை தெரியுது?"

"ரெண்டு. மலிவுச் சாமான் தானே, இப்பிடித்தான் வருமாக்கும் எண்டு நினைச்சன்."

"இப்ப வலக்கண்ணை மூடிப்போட்டு இடக்கண்ணால பாருங்கோ."

கனநேரம் பாத்தார். துவக்கை இறக்கினார். திரும்பவும் தூக்கிப் பாத்தார்.

"ஒண்டு" எண்டார்.

அவருக்கு வலக்கண் ஒரு வருசமா மங்கல் எண்டும், கண் டொக்டரிட்டைப் போனா கார் லைசன்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள், லைசன்ஸ் இல்லாட்டிப் பண்ணையும் இல்லை எண்டும் அவற்றை மனுசியிட்டைப் பிறகுதான் கேட்டன்.

4. சாக்கு

அந்த மனுசி யோகம் அக்கா. தேத்தண்ணியோட வந்தா. விடிய அடிச்ச குண்டு எங்கை போனதெண்டு பாக்கவேணும் எண்டு சொன்னன். "அங்கால ஒண்டும் இல்லை, நீர் தேத்தண்ணியைக் குடியும்" எண்டு அவ சொன்ன கெதியே எனக்குப் பிடிக்கேல்லை. நேரை கொட்டிலுக்கு நடந்தன். அவ பின்னால ஓடி வந்தா.

பலகைச் சுவரில ஒரு சாக்கு தொங்குது. ஆணி புத்தம் புதுசு. சாக்கைத் தூக்கினன். பலகையில என்ர சுண்டுவிரல் போற அளவுக்கு ஓட்டை, வெளிச்சம் உள்ளுக்கை வருது.

யோகம் அக்கா என்ர கையைப் பிடிச்சா. "நான் அப்ப வெந்நீர் எடுக்க வீட்டை போட்டன். ஒண்டும் நடக்கேல்லைத் தானே. அவருக்குச் சொல்லாதையும் பிள்ளை. குட்டியள் போனதிலையே ஆள் அரைவாசி. இதை அறிஞ்சா உடைஞ்சு போவார். கும்பிட்டுக் கேக்கிறன்."

அவவின்ர கண் கலங்கினதைப் பாத்து என்ர வாய் மூடப் பாத்தது. வியாழக்கிழமையும் இதே மரியாதைக்குத்தானே வாயை மூடினனான். எனக்கு என்னிலயே கோவம் வந்திட்டுது.

"சிவம் அண்ணை! இஞ்சை ஒருக்கா வாங்கோ!"

வந்தார். ஓட்டையைப் பாத்தார், விரலை விட்டுப் பாத்தார். பிறகு பால் கறக்கிற முக்காலியில மெல்ல இருந்தார். இருந்தபடி தலையைத் திருப்பினார். ஓட்டை அவற்றை காதுக்கு நேரை நிண்டுது. அவர் என்னைப் பாக்கேல்லை.

"யோகம், நீ விடிய எத்தினை மணிக்கு வெந்நீர் எடுக்க வீட்டை வந்தனி?"

அவ சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நானும் அழுதன்.

5. பிள்ளையளுக்கு

சாமானில ஒரு பிழையும் இல்லை. எண்பத்தஞ்சு டொலருக்கு அது திறமான சாமான், நான் காசைத் திருப்பிக் குடுத்து எடுத்து வந்து சோதிச்சுப் பாத்தனான். சிவம் அண்ணை அடுத்த கிழமை கண் டொக்டரிட்டைப் போனார். கண்ணில புரை. ஒப்பரேசன் முடியுமட்டும் கார் ஓடக்கூடாதெண்டிட்டாங்கள். அந்தக் குளிருக்குள்ள ஆட்டில அரைவாசியை வித்துத்தான் சமாளிச்சவை.

அதால சொல்லுறன். வாங்க வாறவர் "ஓம்" எண்டா அதை விடை எண்டு எடுக்காதேங்கோ. என்ன தெரியுதெண்டு அவற்றை வாயால சொல்லவையுங்கோ. எங்கட ஆக்களை ரெண்டு தரம் கேளுங்கோ, கோவிச்சா கோவிக்கட்டும்.

யோகம் அக்காவுக்கு என்னில இன்னும் கோவம். சனிக்கிழமையில தமிழ்க்கடைக்கு மரக்கறி வாங்க வருவா. என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறெண்டு நடந்து போவா. போகட்டும். நடந்து போறா தானே.