அடுத்த வரிசை வீட்டு மீன் குழம்பு

என் அத்தை மகள் காலமாகி நாற்பது நாளாகிறது. காரியத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு அவள் பெருமையைப் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு! அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். நான் இன்று படித்து ஒரு வேலையில் இருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் அவளும் ஒரு சட்டி மீன் குழம்பும்தான்.

எட்டு வயதில் என்னைக் கம்மாபுரத்திலிருந்து நெய்வேலிக்கு, அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. வேலை இருக்கிற மாதம் சோறு, இல்லாத மாதம் கஞ்சி. மாமாவோ பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் உண்டு. அங்கேயிருந்து படித்தால் நானாவது உருப்படுவேன் என்று அப்பா நம்பினார். மாமா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"படிக்கட்டும். ஆனா இவ மேல புகார்னு ஒருத்தர் வந்து வாசல்ல நின்னாலும் அடுத்த பஸ்ஸுல ஊருக்கு அனுப்பிடுவேன்."

சொன்னால் செய்கிற மனிதர். அப்பா தலையாட்டினார். நானும் கூடவே ஆட்டிவைத்தேன்.

எட்டாம் நாளே வினை வந்தது. அன்று எங்கள் வகுப்புக்கு மட்டும் அரைநாள். "நான் மார்க்கெட்டுக்குப் போயிடுவேன். பின்கதவு சும்மா சாத்தியிருக்கும். சோறு மூடி வெச்சிருக்கேன், போட்டுக்கினு சாப்புடு" என்று அத்தை காலையிலேயே சொல்லியிருந்தாள். குவார்ட்டர்ஸ் கட்டியவர்கள் ஒரே வீட்டைத்தான் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு, பின்னால் அதே முருங்கை மரம். நான் ஒரு வரிசை முன்னாலேயே திரும்பிவிட்டேன். பின்கதவைத் தள்ளினால் திறந்தது. அடுப்படியில் சோறு மூடியிருந்தது. அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பக்கத்துச் சட்டியில் மீன் குழம்பு! அத்தைக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று உருகிப்போய், வழித்துத் தின்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோதுதான் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தேன். அதில் மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. எடுத்தேன் ஓட்டம். செருப்பு அங்கேயே கிடந்தது.

சாயங்காலம் அத்தை மகள் பள்ளிவிட்டு வந்தாள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவளிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள்.

"எந்தச் செருப்புடி? நான் குடுத்த பழசா?"

"ஆமாக்கா."

"அப்ப செரி, அழுவாத" என்றாள்.

சற்று நேரத்தில் செருப்பும் கையுமாக, வீடு வீடாக விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர் வந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "சார், ஷிப்ட் முடிஞ்சு பசியோட வாரேன், சட்டி காலி. பூனைன்னா தட்டைக் கழுவியா வைக்கும்?" என்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

நான் மனசுக்குள் கம்மாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"அது என் செருப்புப்பா. மத்தியான பெல்லுல வந்தேன். வாசனை அடிச்சிது, ஆசையில சாப்புட்டுட்டேன்."

மீன் கழுவின தண்ணீர் வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள் அவள். பிறந்ததிலிருந்து ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. அது அத்தைக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். வந்து எட்டே நாளான எனக்குத்தான் தெரியாது. அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாமா ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டாள். மாமா மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "போ, அவங்க வீட்டுல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. இவளையும் கூட்டிட்டுப் போ" என்றார். இவ்வளவுதானா, இத்தனை சுலபமாக ஏமாந்துவிட்டாரே என்று எனக்கு மாமாமேல் இளப்பமாகக்கூட இருந்தது.

அந்த வீட்டம்மா திட்டவே இல்லை. "ஏட்டி, பசிச்சா கேக்க வேண்டியதுதானே? நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்று இரண்டு தட்டை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அடுப்பில் புதுக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆசையாகச் சாப்பிட்டால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, "நான் மீனே சாப்புட மாட்டேங்க" என்று கூசாமல் சொன்னேன்.

அக்கா சாப்பிட்டாள். முள் பார்க்கத் தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு துண்டையும் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் கட்டியது.

"உறைக்காம்மா?"

"இல்லைங்க, நல்லாருக்கு."

பதினோரு வயதில் அந்த மனசு யாருக்கு வரும்? எனக்கு இந்த வயதிலும் வராது. விவரம் தெரிந்த பிறகு எத்தனையோ முறை அந்தப் பேச்சை எடுத்திருக்கிறேன். "போடி, வேற வேலை இல்ல" என்று வாயை அடைத்துவிடுவாள். அந்த ஒரு பொய்யில்தான் நான் பன்னிரண்டாவது வரை அந்த வீட்டில் இருந்து படித்தேன். நன்றி அக்கா என்று ஒரு முறைகூட அவள் சொல்லவிடவில்லை.

ஆனால் அன்று நான் நன்றியோடா இருந்தேன்? திரும்பி வரும் வழியில் அவள் சாக்கடை ஓரமாகக் குனிந்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க்கா அவ்ளோ அவசரமா அள்ளிக்கினு தின்ன? எனக்கு ஒரு துண்டு ஒளிச்சி எடுத்தாந்திருக்கலாம் இல்ல?"

அவள் பாவாடை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாண்டி, மறந்துட்டேன்" என்றாள். நான் வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை.