சேறு தின்னும் மெஷினும் சிவப்புக் கவுனும்

நெல் அறுக்கிற மெஷினுக்கு நெல்லும் சேறும் ஒன்றுதான். முன்வாய்க்கு எது எட்டுகிறதோ அதைத் தின்றுவிடும். பிள்ளை வளர்க்கும் அக்காமாரே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

நான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி நெல் வயல் சூழ்ந்த பாரிட் புந்தார் வந்தபின், மணியம் அண்ணனின் மெஷினில் வேலை. முன்னால் நடந்து மண்மேடு தெரிந்தால் சொல்ல வேண்டும். சேறு உள்ளே போனால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒருநாளாவது அந்த ஓட்டுநர் சீட்டில் உட்கார ஆசை. கேட்கத்தான் கூச்சம்.

கொசு

மழையில் நெல் மொத்தமும் படுத்துவிட்டது. படுத்த நெல்லை எடுக்க மெஷின் வாயைத் தரையோடு தாழ்த்த வேண்டும். ஒரு விரற்கடை கூடினாலும் சேறுதான். அண்ணன் தாழ்த்தினார். எதிரே மேடு. கத்த வரவில்லை, இரண்டு கையையும் ஆட்டினேன். மெஷின் வாய் நிறைய சேற்றை அள்ளிக்கொண்டு நின்றது. மதியம்வரை கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம்.

"கையக் காட்டுனேனே, அண்ணே."

"காட்டுனியா? கொசு வெரட்டுறேன்னு நெனச்சேன் லா!"

கொடி

மறுநாள் மகளின் பழைய சிவப்புக் கவுனைக் கம்பில் கட்டிக்கொண்டு போனேன். தூக்கினால் வாயைத் தூக்கு, ஆட்டினால் நிறுத்து. சேறு பாதியாய்க் குறைந்தது. வயலுக்குச் சொந்தக்கார மலாய் அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், வரப்பில் நின்று, துணி காய்ந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார்: "அடேக், பாஜு டா கெரிங் கா?"

பாய்

வயலோரக் கொட்டகையில் மத்தியானம் பாயில் தூங்கிய மகளைத் தூக்கினேன். தலைப்பக்கமாக மெதுவாய்க் கை கொடுத்தால் பாயும் சுருளாது, பிள்ளையும் முழிக்காது. அப்போதுதான் உறைத்தது. நெல் சாய்ந்த திசையிலேயே ஓட்டுகிறோம். மெஷின் அதை மேலும் அமுக்குகிறது. கதிரின் தலைப்பக்கமிருந்து மெதுவாகப் போனால்?

சொல்ல மூன்று தடவை போய்த் திரும்பி, நாலாவது தடவை, பிள்ளையைத் தூக்கிய கதையோடு சொல்லிவிட்டேன். கழுவுவதற்கு நகர்த்தி நகர்த்தி எனக்கு மெஷின் பழக்கம் என்று அண்ணனுக்குத் தெரியும். "நீயே ஓட்டிக் காட்டு. சேறு அள்ளுனா சீட்டு பக்கமே வரக்கூடாது," என்றவர், நான் ஏறும்போது கேட்டார்: "தாலாட்டும் பாடணுமா?"

சீட்டு

கதிருக்கு எதிராகத் திருப்பி, நடை வேகத்தில் விட்டேன். நெல் தானாகவே தலையைத் தூக்கி உள்ளே வந்தது. வரப்பு நெருங்குமுன் வாயை முழுக்கத் தூக்கித் திருப்பினேன்; மூலையில்தான் நிறைய சேறு ஏறும். நான் மேலே இருந்ததால், கவுனைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முன்னால் நடந்தார். இரண்டு சுற்று போதுமென்று ஆட்டினார். நான் மூன்றாவதும் போய்விட்டேன்.

நான் இறங்கியதும் அண்ணன் நெல் தொட்டியில் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். கை சுத்தமாக வந்தது. "நிறுத்தச் சொல்லி ஆட்டுனேன், பாக்கலியா?"

"கொசு வெரட்டுறீங்கன்னு நெனச்சேன், அண்ணே." எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்!

தூரத்து வரப்பில் நின்ற மாக்சிக்குக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். "நாளைக்கும் நீயே ஏறு லா. கவுன் என்கிட்டயே இருக்கட்டும்."

இப்போது மெஷின் சேறு தின்பதை நிறுத்திவிட்டது. என் மகள்தான் இன்னும் நிறுத்தவில்லை.