வழி போட்ட மகராசன்

என் வீட்டுக்காரர் ஜிபிஎஸ் கருவி வாங்கியதும் அதனிடம் முதலில் வழி கேட்டது எங்கள் தென்னந்தோப்புக்குத்தான். பிறந்ததிலிருந்து அவர் போய்வரும் தோப்பு. வீட்டு வாசலில் நின்றாலே மட்டை ஆடுவது தெரியும். ஆனாலும் கருவியைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டி, அது இடது என்றால் இடது, வலது என்றால் வலது என்று திரும்பித் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். "கரெக்டா கொண்டாந்து உட்டுருச்சு பாரு" என்று அங்கிருந்து எனக்குப் போன் வேறு.

சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி ஆரம்பித்த சைக்கிள் அது. கிழக்குப் பாலக்காட்டில் எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலம் ஒன்றுதான். அப்படிப்பட்டவர் ஒருநாள் இடுக்கி மலையில் சைக்கிள் ஓட்டப் போவதாக அறிவித்தார். எங்கே என்று கேட்டேன். தேவிகுளத்திலிருந்து வண்டன்மேட்டுப் பக்கம் என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வண்டன்மேட்டில்தான் எங்கள் மகள் இருக்கிறாள். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் பையனை அவளே பார்த்து, அவளே முடிவு செய்து கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு இவர் வந்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியையே வாங்க போங்க என்று கூப்பிடும் மனிதர், அந்தப் பையனையும் "வாங்க தம்பி" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை என்று மட்டும் வாயில் வரவில்லை. அவர்கள் வீட்டு வாசலையும் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அதை நினைத்து அவள் போனில் அழுவாள், நான் அடுப்படியில் அழுவேன்.

"அப்ப மகள் ஊட்டுக்குப் போறமுங்களா?" என்று கேட்டேன்.

"நான் சைக்கிள் ஓட்டப் போறேன். வழியில ஊடு இருந்தா நான் என்ன பண்ணறது?"

மலைக்கு வழி வேண்டுமே. ஒருவர் சைக்கிளில் போன தடத்தை அவருடைய கருவி பதிந்து வைத்துக்கொள்ளும். அதை நம் கருவியில் ஏற்றினால் அதே தடத்தில் நம்மையும் கூட்டிப்போகும். மகள் அப்படி ஒரு தடத்தை அனுப்பினாள். ஓட்டியவர் பெயர் அதில் இல்லை, எனக்கு மட்டும் சொன்னாள். மாமாவுக்கு முழங்கால் வலி என்று, செங்குத்தான ஏற்றங்களையெல்லாம் தவிர்த்து வழி கண்டுபிடிக்க மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தாராம். இதை நான் இவர் காதில் போடவில்லை. சொன்னால் இவர் வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிடுவார்.

தேவிகுளம் வரை சைக்கிள் வாடகைக் காரின் தலையில் வந்தது. அங்கிருந்து அவர் முன்னால் மிதிக்க, நான் முறுக்கு டின்னோடு காரில் பின்னால் ஊர்ந்தேன். பெரிய ஏற்றம் வரும்போதெல்லாம் தடம் நைசாக எஸ்டேட் ரோட்டில் புகுந்து அதைச் சுற்றிக்கொண்டு போனது. மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து ஒரு டீக்கடையிலும் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே பருப்பு வடை சூடாக இருந்தது.

"இந்த வழியப் போட்ட மகராசன் ஆருன்னு தெரியல. நெம்ப வெவரமான ஆளு" என்றார், இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டே.

"ஆமாங்க, நல்ல மனுசன்தானுங்க" என்றேன்.

உடும்பன்சோலை தாண்டி ஓர் ஏற்றம். பாதி ஏறியதும் கருவி திரும்பச் சொன்னது. வந்த வழியிலேயே சின்னப் பாலம் வரை இறங்கிப் போய், மறுபடி அதே ஏற்றத்தில் ஏறி வர வேண்டுமாம். இவரும் சைக்கிளைத் திருப்பினார்.

"ஏனுங்க, வந்த வழிக்கே எதுக்குங்க போறீங்க?"

"கம்முனு இரு. முன்னால பெரிய ஏத்தம் இருக்கும். அதுக்குக் காலைச் சூடு பண்ண வெச்சிருக்கறான்."

இறங்கினார், பாலத்தில் ஒரு வட்டம் போட்டார், நாக்குத் தள்ள ஏறி வந்தார். அதற்குப் பிறகு பெரிய ஏற்றம் ஒன்றும் வரவில்லை. கால் சூடாக இருந்ததால்தான் தெரியவில்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். சிரிப்பை மறைக்க நான் வாய் நிறைய முறுக்கை அடைத்துக்கொண்டேன்.

வெயில் சாயும்போது ஒரு கேட்டின் முன்னால் கருவி கீச்சென்றது. தடம் அவ்வளவுதான். ஒரு காலை ஊன்றி நின்றவர் இறங்கவில்லை. மேற்கொண்டு என்ன செய்வது என்று அதுவே சொல்லட்டும் என்பதுபோலக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கதவு நிலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். திருப்பிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்து நான் முறுக்கு டின்னோடு காரைவிட்டு இறங்கினேன்.

மாப்பிள்ளைதான் ஓடி வந்து கேட்டைத் திறந்தார். அவருக்கும் பதற்றம், பாவம். வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"வாங்க மாமா. அந்தச் சின்னப் பாலத்துக்கிட்ட தடம் ஒரு சுத்து சுத்தியிருக்கும், அழிக்க மறந்துட்டேன். என் தொப்பி காத்துல பறந்துருச்சு, திரும்பப் போயி எடுத்தேன். நீங்க நேரா வந்துட்டீங்கல்ல?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முறுக்கு டின்னைப் பார்த்தேன். பிறகு இவர் சைக்கிளை விட்டு இறங்கி, அதை அவர் கையில் கொடுத்தார்.

"நானும் திரும்பப் போய்ப் பாத்தனுங்க மாப்பிள்ளை" என்றார். "அங்க தொப்பி இல்லீங்க."